பூச்சி ரைட்டரும் தட்டைப்பாத வண்டுகளும்

சீரகத்தை நடுவில் ஒடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவே இருக்கும் வண்டுக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் தேடித் தருவதுதான் எங்கள் தொழில்.

ஒரு கண்ணைப் பூதக்கண்ணாடியிலும் இன்னொரு கண்ணை மேலதிகாரியின் முகத்திலும் வைத்துப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கோர்ட்டுக் கச்சேரியில் நகல் எடுத்தவர்கள், சர்வே ஆபீசில் கோடு போட்டவர்கள், தபாலாபீசில் விலாசம் புரியாமல் விழித்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒருவகையில் பங்காளிகள்தான். உங்களிடம் என் கஷ்டத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் சோதனை ஆபீசில் நான் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். கல்லைப் பொடியாக்கி, உருக்கி, அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சொல்கிற ஆபீஸ் அது. அதற்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. தங்கம் அவருக்கு வயிற்றுப்பாடு, வண்டுதான் உயிர். அதிலும் எல்லா வண்டுகளையும் அவர் சீண்டமாட்டார். மரத்தில் குண்டூசி நுழைகிற அளவுக்குத் துளை போட்டுக் குடியிருக்கும் ஒரே ஓர் இனத்தைத்தான் பிடிப்பார். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுக் கொடுக்க வேகன் வேகனாகக் காட்டு மரம் வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பூச்சிப் பஞ்சமே வரவில்லை. அந்த இனத்தின் சாஸ்திரப் பெயருக்குத் தட்டைப்பாதம் என்று அர்த்தமாம். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் முனிசாமி மேஸ்திரி என்கிற ஒரு நல்ல மனிதரின் வேலையும் வீடும் ஒரு வாரம் முழுக்க அந்தரத்தில் தொங்கின. அந்த விஷயத்துக்குத்தான் வரப்போகிறேன். ஆனால் வழியில் சில தும்மல்களையும் எறும்புகளையும் தாண்டித்தான் வரவேண்டும்.

புளியங்கொட்டை அகலம்

துரை ஒருநாள் ஆபீசில் இருந்த ஆறு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு காகிதத் துண்டைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அகலம். அதில் ஊர், தேதி, மரத்தின் பெயர், மரத்தின் நம்பர் நான்கையும் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. பெரிய ரைட்டர் கோலார் என்று எழுதி முடித்தபோதே அவருடைய துண்டில் இடம் தீர்ந்துவிட்டது. இன்னொருவருடைய நிப்பு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று.

நான் நான்கையும் எழுதிவிட்டு, துரையின் பெயருக்கும் ஓரத்தில் இடம் விட்டிருந்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குடியாத்தத்தில் மிஷன் பள்ளியில் எனக்கும் என் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே சிலேட்டு. மேல் முக்கால் பாகம் அவனுடையது. மிச்சத்தில் எழுதிப் பழகிய கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து காலையில் தங்கக் கணக்கு, மத்தியானத்தில் வண்டுச் சீட்டு என்று என் பிழைப்பு இரண்டாகப் பிரிந்தது. ஊரார் எனக்குப் பூச்சி ரைட்டர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மட்டும் அவர்களுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. பெரிய ரைட்டர் என் சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சொன்னார்:

"கொஞ்சம் பெருசா எழுதக் கத்துகினு இருந்தா தப்பிச்சிருப்பே, தம்பி."

மடக்கி வைத்த கால்

வண்டை ஒட்டுவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் அதைச் சாராயத்தில் போட வேண்டும். செத்தபின் எடுத்து, சின்ன அட்டைத் துண்டின்மேல் வேலம்பிசினால் ஒட்ட வேண்டும். அட்டையின் ஓரத்தில் ஊசி குத்தி, ஊசியின் கீழே சீட்டைச் செருக வேண்டும். அந்தச் சீட்டு போனால் வண்டும் போனது மாதிரிதான். எங்கே, எந்த மரத்தில் பிடித்தது என்று தெரியாத வண்டை துரை குப்பையில் போட்டுவிடுவார்.

ஒட்டுவதில் நான் சீக்கிரமே கெட்டிக்காரனாகிவிட்டேன். மற்றவர்கள் ஒட்டினால் ஆறு கால்களும் ஆறு திசையில் நிற்கும். எனக்கு அது பொறுக்காது. நனைந்த தூரிகையால் கால்களை ஒவ்வொன்றாக வயிற்றின் கீழே மடக்கி, பிசினை இன்னும் ஒரு சொட்டு விட்டு, பளிச்சென்று உட்காரவைப்பேன். துரைக்கு அப்போதெல்லாம் வண்டின் முதுகும் பின்பக்கமும் தெரிந்தால் போதும், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அட்டைக்குத் துரைசானியின் பழைய விசிட்டிங் கார்டுகளைத்தான் வெட்டுவோம். தன் கார்டுகள் என்ன ஆகின்றன என்று பார்க்க ஒருநாள் அந்த அம்மாள் ஆபீசுக்கே வந்தார். பெட்டியைத் திறந்து வரிசையைப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. அதற்கப்புறம் பிசின் இரண்டு சொட்டானது.

கட்டில் கால்

துரைக்குத் துளை விழுந்த மரம் வேண்டுமாம் என்கிற சேதி சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் பரவியது. எதற்கு என்கிற சேதி மட்டும் கூடவே பரவவில்லை. ஆபீஸ் வாசலில் உலக்கை, முறம் மாட்டும் கட்டை, ஒரு கதவின் பாதி, பல்லாங்குழி எல்லாம் வந்து சேர்ந்தன. துரையிடம் ஏதோ மருந்து இருக்கிறது, தடவினால் மரம் பழையபடி ஆகிவிடும் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள்.

ஸ்கெலட்டன் லைனிலிருந்து காமாட்சி என்கிற அம்மாள் ஒரு கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் சுரங்கத்தில் ட்ராம் வண்டி தள்ளுகிறவர். காலைத் தட்டினால் மாவு கொட்டியது. உளுத்துப்போன கட்டை. துரை அதைச் சன்னலருகே கொண்டுபோய் உடைத்துப் பார்த்துவிட்டு, இது நம் ஆள் இல்லை என்று சொன்னார். நம் தட்டைப்பாதக்காரன் ஈர மரத்தில்தான் துளை போடுவானாம். மரத்தையும் தின்னமாட்டானாம். துளைக்குள் பூஞ்சணம் வளர்த்து அதைத் தின்பானாம். கட்டிலை உளுக்க வைப்பது காய்ந்த மரத்தை மாவாக்கும் வேறொரு ஜாதியாம். இவ்வளவையும் அந்த அம்மாளிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார், நானும் ஒன்று விடாமல் சொன்னேன். காமாட்சி பொறுமையாகக் கேட்டாள். பிறகு உடைந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"ஜாதி எதுவோ இருக்கட்டுங்க. கால ஒடச்சிட்டீங்களே, மூணு காலு கட்டில்ல நான் எந்தப் பக்கமா படுக்கறது?"

மேஸ்திரியின் மூக்கு

சுரங்கத்துக்கு வரும் மரத்தை எல்லாம் பார்த்து எடுப்பவர் முனிசாமி மேஸ்திரி. வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு மரமும் அவர் கையைத் தாண்டித்தான் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றுக்குள் இறங்கும். கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்பார். துளை இருந்தால் நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பார். பிடித்தால் சுண்ணாம்பால் ஒரு கோடு. அவ்வளவுதான் அவருடைய பரீட்சை.

மலைநாட்டிலிருந்து மருத மரம் ஏற்றிய வேகன் ஒன்று வந்தது. நான் உளியும் இடுக்கியுமாக, மரம் அடுக்கும் யார்டுக்குப் போனேன். நாற்பத்தொன்று என்று நம்பர் அடித்த மரத்தில் மூன்று வண்டுகள் கிடைத்தன. மற்ற துளைகள் எல்லாம் காலி. மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி தன் சாஸ்திரத்தைச் சொன்னார். துளையில் இரண்டே வகைதான். சூட்டுக்கோல் வைத்த மாதிரி ஓரம் கறுத்து, உள்ளே சுத்தமாக இருந்தால் அது ஈரத்துளை. காட்டிலேயே விழுந்தது, மரம் காய்ந்ததும் பூச்சி வீட்டைக் காலி பண்ணிவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தட்டினால் தூள் கொட்டுகிறதென்றால் அது காய்ந்த துளை, அந்த மரத்தை அடுப்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நான் திரும்பிப்போய்த் துரையிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஐரோப்பாவில் பெரிய பெரிய வித்வான்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக் கண்டுபிடித்த விஷயம் இது, இந்த மனிதனுக்கு யார் சொன்னது என்று கேட்டார். மறுநாள் மேஸ்திரியிடமே கேட்டுவிட்டேன். அவருக்குத்தான் ஆச்சரியம்.

"அதுக்கு இன்னாத்துக்கு சண்ட? ஒரு மழக்காலம் யார்டுல வந்து நின்னா தெரிஞ்சிடுமே, ரைட்டரே."

தும்மல்

அந்த மூன்று வண்டுகளில் முதலாவதை நான் ஒட்டிக்கொண்டிருந்த சமயத்தில் பெரிய ரைட்டர் பின்னால் வந்து நின்று பொடி போட்டார். அதில் கொஞ்சம் என் மூக்குக்கும் வந்தது. தும்மினேன். கண் திறந்து பார்த்தால் அட்டை இருக்கிறது, பிசின் இருக்கிறது, வண்டு இல்லை.

நீங்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அது தங்கம் சோதிக்கும் ஆபீஸ். அங்கே ஒருவன் தரையில் மண்டியிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை விரலால் தடவித் தேடினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வாசலில் காவல் நிற்கும் கேட் ஜமேதார் விசில் ஊதிவிட்டார். கதவுகளைச் சாத்தினார்கள். ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தி, வேட்டி மடிப்பு, தலைமயிர், காது, வாய் என்று ஒன்று விடாமல் சோதித்தார்கள். பெரிய ரைட்டரின் பொடி டப்பாவைத் தலைகீழாகக் கொட்டினார்கள். அதில் மேலும் நான்கு பேர் தும்மினார்கள். பூச்சிதான் ஐயா, பூச்சிதான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. திருட்டு மாட்டிக்கொண்டவன் சொல்கிற பொய்யில்கூட இதைவிடக் கொஞ்சம் புத்தி இருக்கும்.

துரை வந்து பூதக்கண்ணாடியுடன் தானும் தேடினார். கடைசியில் அது ஜமேதாரின் பூட்ஸின் அடியில் கிடைத்தது. கிடைத்தது என்றால் ஒரு கறை கிடைத்தது. ஜமேதார் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கறையை வெகுநேரம் பார்த்தார்.

"தங்கமா இருந்திருந்தா எனக்கு பிரமோஷன் ஆகியிருக்கும். இத வெச்சினு நான் யாருக்கு ரிப்போர்ட் எழுதறது?"

எறும்பு

வண்டுப் பெட்டிகள் இருக்கும் மேசையின் நான்கு கால்களும் நான்கு கிண்ணத் தண்ணீரில் நிற்கும். தினமும் கிண்ணத்தை நிரப்புவது என் வேலை. தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு போட்டுக் குடியாத்தம் போனேன். கல்யாண அவசரத்தில் கிண்ணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். வெயில் தண்ணீரைக் குடித்தது, சிவப்பெறும்பு வண்டுகளைத் தின்றது. இரண்டாவது நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டும் அதில் போயிற்று. மூன்றாவது ஒன்று மட்டும், துரைசானிக்குக் காட்டுவதற்காகத் துரை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால் தப்பியது. ஊரிலிருந்து திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், வரிசை வரிசையாகச் சீட்டுகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றிலும் என் அழகான கையெழுத்து. துரை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"எறும்புகளுக்கு உன் கையெழுத்து மட்டும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ரைட்டர்."

ஒடிந்த முட்டு

சுரங்கத்துக்குள் வேலை வாங்கும் வெள்ளைக்காரரைக் கேப்டன் என்பார்கள். கப்பல் எதுவும் கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டில், அடி லெவலில் ஒரு முட்டு ஒடிந்து பாறை சரிந்தது. ட்ராம் தள்ளிக்கொண்டு போன காமாட்சியின் புருஷனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கூட இருந்தவர்கள் அவரைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்கள். ஒடிந்த முட்டையும் கேப்டன் மேலே கொண்டுவரச் சொன்னார். அதன் பக்கவாட்டில் முழுக்கக் குண்டூசித் துளைகள். அடியில் நம்பர் நாற்பத்தொன்று. கூடவே மேஸ்திரியின் சுண்ணாம்புக் கோடு.

கேப்டனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. புழு தின்ற மரத்தை மேஸ்திரி பாஸ் பண்ணிவிட்டார், ஆளை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மானேஜருக்கு எழுதினார். மானேஜர் கொஞ்சம் நிதானமானவர். பூச்சி விஷயம் தெரிந்தவர் நம் சோதனை ஆபீஸ் துரைதான், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அவர் எழுத்தில் அபிப்பிராயம் தரட்டும், அதன்படி செய்யலாம் என்றார். வேலை போனால் ஸ்கெலட்டன் லைன் வீடும் போகும். ஞாயிற்றுக்கிழமை காலி செய்துவிட வேண்டும். மேஸ்திரியின் சம்சாரத்துக்கு அப்போது நிறைமாசம். ஊரில் நிலமும் இல்லை, வா என்று கூப்பிட ஆளும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த வரிசையில்தான் நானும் குடியிருந்தேன்.

துரைக்கு மேஸ்திரியின்மேல் சந்தேகம் துளிகூட இல்லை. ஆனால் சாஸ்திரக்காரர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. துளையைப் பார்த்து ஊகிக்கலாம், வண்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மரத்திலிருந்து எடுத்த வண்டு உலகத்திலேயே ஒன்றுதான் பாக்கி. அது லண்டனுக்கு அனுப்பத் தயாராகப் பெட்டியில் இருந்தது. நான் சேதி சொல்லப் போனபோது மேஸ்திரி ஒடிந்த முட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒடிந்த இடத்தைக் காட்டினார். உளுத்த மரம் என்றால் பிஸ்கட் மாதிரி பொட்டென்று உடையும், இது நார் நாராகக் கிழிந்திருக்கிறது, மலையே இறங்கினால் எந்த மரம் தாங்கும் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"எல்லாரும் வந்து துளையத்தான் பாத்துகினு போறாங்க. தூளு எங்கன்னு ஒருத்தர்கூட கேக்கலயே, ரைட்டரே."

சனிக்கிழமை

சனிக்கிழமை பத்து மணிக்குக் கேப்டன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மேஸ்திரி வாசலில் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரை வண்டைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். பார்த்தார், திருப்பினார், மறுபடி பார்த்தார். முதுகை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது, கேப்டன் நாளைக்கே வேறொருவரைக் கேட்டால் என் வார்த்தை நிற்க வேண்டும், பாதத்தைக் காட்டு என்றார். இந்த இனத்தில் பாதத்தின் முதல் கணு மட்டும், மற்ற கணுக்கள் எல்லாம் சேர்ந்த நீளத்துக்கு இருக்கும். கட்டிலை மாவாக்குகிற ஜாதிக்கு அப்படி இருக்காது. இனத்தின் பெயரே பாதத்தை வைத்துத்தான். நான்தான் ஆறு பாதங்களையும் வயிற்றின் கீழே மடக்கி, இரண்டு சொட்டுப் பிசினில் புதைத்து வைத்திருந்தேனே.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை நான் மறைக்கப் போவதில்லை. எழுதத் தெரிந்தவன், இங்கிலீஷ் படித்தவன், சர்ச்சில் உட்காருகிறவர்களைவிட அடக்கமாக வண்டை உட்காரவைத்தவன். நான் செய்த அழகு வேலையால் வாசலில் நிற்கிற மனிதரின் குடும்பம் நாளைக்குத் தெருவில் நிற்கும். துரை என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெந்நீர் கொண்டுவா என்று மட்டும் சொன்னார்.

தங்கம் உருக்கும் பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அட்டையோடு வண்டை மிதக்கவிட்டோம். வேலம்பிசின் மெதுவாகத்தான் இளகும். அவசரப்பட்டால் வண்டு தூளாகிவிடும். பதினொன்று ஆயிற்று. கேப்டன் இரண்டு முறை கொட்டாவி விட்டார். தண்ணீர் ஆறிப்போய், மறுபடி சுடவைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பதினொன்றரைக்கு வண்டு அட்டையைவிட்டு நகர்ந்தது. தூரிகை முனையால் ஒரு காலை நிமிர்த்தினேன். அது ஒடிந்து தனியே மிதந்தது. என் உயிர் போய் வந்தது. துரை அந்த ஒற்றைக் காலை மட்டும் கண்ணாடித் துண்டில் ஏந்தி லென்ஸின் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் குனிந்திருந்தவர் நிமிர்ந்து என்னையும் பார்க்கச் சொன்னார். பாதத்தின் முதல் கணு நீளமாக, குச்சி மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

துரை எழுதினார்: இந்த வண்டு ஈர மரத்தில் வசிப்பது, துளைகள் காட்டிலேயே விழுந்தவை, மரம் காய்ந்தபின் பூச்சிக்கு அங்கே வேலையில்லை, மரம் உளுக்கவில்லை, பாறையின் பாரத்தால் ஒடிந்தது, மேஸ்திரியின் மேல் குற்றமில்லை. மேஸ்திரி யார்டில் முன்பே சொன்ன விஷயங்கள்தான். துரை வண்டின் முழுப் பெயரையும் லத்தீனில் சேர்த்தார். அதற்கு மட்டுமே ஒரு வரி பிடித்தது. கேப்டன் லென்ஸில் எட்டிப் பார்த்து, தன் இமைமயிரைத் தவிர எதையும் காணாமல் நிமிர்ந்தார். காகிதத்தை எடுத்து அந்த லத்தீன் வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய பெயர் உள்ள பூச்சி என்றால் சரியாகத்தான் இருக்கும். அந்த ஆளை வேலைக்குப் போகச் சொல்லுங்கள்."

லண்டன் கடிதம்

ஒரு வருஷம் போலக் கழிந்து, லண்டன் மியூசியத்திலிருந்து நாங்கள் அனுப்பிய வண்டுகளைப் பற்றிப் பதில் வந்தது. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, சீட்டுகளின் எழுத்து மெச்சத்தக்கது என்று ஆரம்பித்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டு தட்டைப்பாத இனம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இனத்துக்குள் துரை அதற்குக் கொடுத்திருந்த தனிப் பெயர் தப்பு. அது வேறு எதுவோ. என்னவென்று சொல்ல அவர்களாலும் முடியவில்லை, ஏனென்றால் ஒரு காலைக் காணோம், மற்றவை வயிற்றின் கீழே மடங்கிக் கிடக்கின்றன. இனிமேல் தயவுசெய்து கால்களை விரித்து ஒட்டவும்.

துரை கடிதத்தைப் படித்து முடித்தபோது அவர் காது சிவந்திருந்தது. லத்தீன் வரி இருந்த அந்தக் காகிதம் மானேஜர் ஆபீஸ் பீரோவில் கிடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். அவர் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் யார்டுக்குப் போய் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். வேடிக்கையாக எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவருடைய பெண் குழந்தை அப்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தட்டிக்கொண்டிருந்த கோடாலியைக் கீழே வைத்தார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பேரு தப்பா பூடிச்சா? அப்ப நாங்க மறுபடியும் வீட்ட காலி பண்ணணுமா, ரைட்டரே?"

பதினோரு வருஷத்தில் நான் புளியங்கொட்டை அகலத்துக்கு எழுதித் தள்ளிய பெயர்களில் பாதிக்குமேல் தப்பு என்று லண்டன்காரர்கள் பிற்பாடு சொல்லிவிட்டார்கள் என்றாலும், அப்படித் தப்பான பெயர் ஒன்றின் கீழ்தான் ஒரு குழந்தை ஸ்கெலட்டன் லைனில் பிறந்து நடக்கவும் பழகியது என்பதால், மிச்சத்தைத் திருத்த எனக்கு அவ்வளவாக அவசரம் வரவில்லை.